ரிப்பேருக்குக் கொடுத்த பொருள் உடைந்து வந்தால் யார் பொறுப்பு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டு 43 இன்ச் டிவியில் சத்தம் மட்டும் வரவில்லை, படம் பளிச்சென்று இருந்தது. தெரிந்த கடைதானே என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்து வாங்கப் போனால் சத்தம் வருகிறது, ஆனால் திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு, மூலையில் விரிசல். "இது முன்னாடியே இருந்திருக்கும்மா, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க" என்கிறார்கள். பேனல் மாற்ற 14,000 ரூபாய் ஆகுமாம், அதையும் நாங்கள்தான் தர வேண்டுமாம். கையில் ஒரு சீட்டு இருக்கிறது. அதில் "பொருட்கள் உடைமையாளர் பொறுப்பில்" என்று அச்சடித்திருக்கிறது. எங்களால் ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, மதுரை

பதில்: முடியும் சகோதரி. முதலில் அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். டிவி அந்தக் கடைக்குப் போனது, எந்தத் தேதியில் போனது, என்ன குறை சொல்லிக் கொடுத்தீர்கள் எல்லாம் அதில்தான் இருக்கிறது. குறை என்ற இடத்தில் "சவுண்ட் இல்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் ரொம்பவே பலமாகிவிடும். திரை உடைந்த டிவி ஒன்று மேஜைக்கு வந்தால் அதைச் சீட்டில் குறித்துக்கொள்ளாமல் எந்தக் கடைக்காரரும் வாங்கி வைக்க மாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், ஒரு வேலைக்காக ஒருவரிடம் பொருளைக் கொடுத்து, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தால் அது ஒப்படைப்பு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 148-ஆம் பிரிவு தொடங்கி இதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. சலவைக் கடை, தையல் கடை, வாட்ச் ரிப்பேர், டூவீலர் மெக்கானிக், செல்போன் சர்வீஸ் எல்லாரும் இதற்குள் வருவார்கள். 151-ஆம் பிரிவின்படி, சாதாரண விவேகமுள்ள ஒரு மனிதர் அதே சூழ்நிலையில் தன்னுடைய சொந்தப் பொருளை, அதே அளவு, அதே தரம், அதே மதிப்புள்ள பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி உங்கள் பொருளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டும் சேதமாகிவிட்டால் 152-ஆம் பிரிவு கடைக்காரரை விட்டுவிடுகிறது. வேறு மாதிரி தனியாக ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டும் அவருக்கு இந்த விலக்கு கிடைக்காது.

அப்படியானால் அவர் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாரா இல்லையா என்பதை யார் நிரூபிப்பது? இங்கேதான் நம் மக்கள் வீணாகப் பயந்து பின்வாங்கிவிடுகிறார்கள். "கடைக்குள்ளே என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும், நான் எப்படி நிரூபிப்பேன்" என்று விட்டுவிடுகிறார்கள். உங்களுக்குத் தெரியாது என்பதால்தான் அவர் சொல்ல வேண்டும். நல்ல நிலையில் கொடுத்தேன், உடைந்து வந்தது என்ற இரண்டையும் நீங்கள் காட்டினால் போதும், நடுவில் நடந்ததை விளக்க வேண்டிய கடமை அவருடையது. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவரே நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தில் 106-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 109-ஆம் பிரிவாக இருக்கிறது.

"உடைமையாளர் பொறுப்பில்" என்ற வரியைப் பற்றிக் கேட்டீர்கள். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. 1998-இல் டெல்லியில் தாஜ்மஹால் ஓட்டலுக்கு வந்த ஒருவர் தன் மாருதி ஜென் காரை வாசலில் ஊழியரிடம் சாவியோடு கொடுத்துவிட்டு உள்ளே போனார், திரும்பி வந்தபோது கார் இல்லை. அவரிடம் கொடுத்த பார்க்கிங் டோக்கனில், உரிமையாளரின் பொறுப்பில்தான் வண்டி நிறுத்தப்படுகிறது என்று அச்சடித்திருந்தார்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு தன் ஊழியர்களின் கவனக்குறைவிலிருந்து ஓட்டல் தப்பிக்க முடியாது, வண்டி எப்படிப் போனது என்று விளக்கும் பொறுப்பு முதலில் ஓட்டலுக்குத்தான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதற்கு ரொம்ப முன்பே நம் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 1966-இல் சட்ட அறிக்கைகளில் வெளியான வழக்கு அது. சலவைக் கடையில் போட்ட புதுச் சேலை தொலைந்துவிட்டது. பொருள் தொலைந்தால் அதன் மதிப்பில் 15 சதவீதம்தான் தருவோம் என்று ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருந்தார்கள். அந்த நிபந்தனை பொதுநலனுக்கு விரோதமானது, செல்லாது என்று நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. யோசித்துப் பாருங்கள், அது செல்லும் என்றால் 1,000 ரூபாய்ச் சேலையை 150 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள எந்தக் கடைக்கும் வழி கிடைத்துவிடும். கவனமாக இருக்க வேண்டிய அவசியமே போய்விடும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: டிவியைக் கடையிலிருந்து இன்னும் எடுத்து வரவில்லை என்றால், கடையிலேயே வைத்து விரிசலையும் கோட்டையும் வீடியோ எடுங்கள், கடைப் பெயர் தெரிகிற மாதிரி. எடுத்து வந்துவிட்டீர்கள் என்றால் வேறு யாரையும் திறக்க விடாதீர்கள், அப்புறம் "அங்கே உடைந்தது" என்று அவர்கள் சொல்ல இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கொடுப்பதற்கு முந்தைய வாரங்களில் வீட்டில் எடுத்த போட்டோ எதிலாவது அந்த டிவி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறந்தநாள், விருந்தாளி வந்தது, குழந்தை டிவி முன்னால் ஆடியது என்று எதிலாவது கிடைக்கும், தேதியோடு கிடைக்கும், அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டி, திரை அழுத்தத்தாலோ அடிபட்டோ உடைந்திருக்கிறது என்று எழுதி வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு கடைக்காரருக்கு ஒரு கடிதம். வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டும் என்று இல்லை, வெள்ளைத் தாளில் நீங்களே எழுதலாம். எந்தத் தேதியில், என்ன குறையோடு கொடுத்தேன், என்ன நிலையில் வந்தது, 15 நாட்களுக்குள் உங்கள் செலவில் சரிசெய்து தர வேண்டும், இவ்வளவுதான். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். பாதிக் கடைகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும் என்பது என் அனுபவம்.

இறங்கி வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்களே வாதாடலாம், வக்கீல் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது, ரிப்பேர் கூலி எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம்.

எவ்வளவு கிடைக்கும் என்பதில் அதிக ஆசை வைக்காதீர்கள். பழைய டிவிக்குப் புது டிவி விலை கேட்டால் ஆணையம் தராது. கொடுத்த அன்று அந்த டிவிக்கு என்ன மதிப்போ அதை ஒட்டியோ, அல்லது பேனல் மாற்றும் செலவையோ கேளுங்கள், கூடவே அலைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஒரு நியாயமான தொகை.

கேள்வி: பைக்கை சர்வீஸுக்கு விட்டேன். கடையில் வேலை பார்க்கும் பையன் மதியம் சாப்பாடு வாங்க அதை எடுத்துக்கொண்டு போய், வழியில் நாய் குறுக்கே வந்து விழுந்துவிட்டான். நல்லவேளை, அவனுக்கு அடி அதிகம் இல்லை. ஹெட்லைட், கிராஷ் கார்டு, டேங்க் எல்லாம் போச்சு. "நாய் குறுக்கே வந்தா யார் என்ன பண்ண முடியும் சார்" என்கிறார் ஓனர்.
– வாசகர், ஈரோடு

பதில்: பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் முதல் நிம்மதி. மற்றபடி ஓனர் சொல்வது இங்கே எடுபடாது. பிரேக் பார்க்க, சத்தம் வருகிறதா என்று பார்க்க வண்டியை ஓட்டிப் பார்ப்பது வேலையின் ஒரு பகுதி, அதில் விழுந்திருந்தால் கவனமாக ஓட்டினாரா என்ற கேள்வி வரும். சாப்பாடு வாங்கப் போவது நீங்கள் வண்டியைக் கொடுத்த காரியம் இல்லை. 154-ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது: ஒப்படைத்த நிபந்தனைக்குப் பொருந்தாத விதத்தில் பொருளை உபயோகித்தால், அந்த உபயோகத்தினாலோ அந்த உபயோகத்தின்போதோ வரும் சேதம் முழுவதற்கும் பொறுப்பு. அங்கே தப்பு யார் மேல் என்ற பேச்சே கிடையாது. சட்டத்திலேயே ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் தன் குதிரையை நண்பருக்கு, அவர் மட்டும் ஓட்டுவதற்காகக் கொடுக்கிறார். நண்பரோ தன் குடும்பத்தில் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறார். அவர் கவனமாகத்தான் ஓட்டுகிறார், ஆனாலும் குதிரை தற்செயலாக விழுந்து காயமாகிவிடுகிறது. நண்பர்தான் ஈடு கொடுக்க வேண்டும். 1872-இல் குதிரை, இன்றைக்கு உங்கள் பைக்.

பையனின் சம்பளத்தில் பிடித்துத் தருகிறேன் என்று ஓனர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் வண்டியைக் கொடுத்தது ஓனரிடம், கேட்க வேண்டியதும் அவரிடம்தான். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற பிள்ளையின் தலையில் இதைக் கட்டுவது எனக்கு மனசாட்சிப்படி சரியாகப் படவில்லை.

கேள்வி: போனில் டிஸ்ப்ளே மட்டும் மாற்றச் சொன்னேன். திரும்பி வந்தபோது புது போன் மாதிரி "வெல்கம்" என்று வருகிறது. எல்லாம் அழிந்துவிட்டது. அப்பா இறப்பதற்கு முன் பேசிய வீடியோக்கள் அதில்தான் இருந்தன. கேட்டால் "டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லன்னு போர்டு போட்டிருக்கோமே" என்கிறார்கள்.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சட்டத்தை அப்புறம் பார்ப்போம் அம்மா, முதலில் அந்த வீடியோக்கள். போனை ரீசெட் செய்துவிட்டால் இப்போதைய போன்களில் உள்ளே இருந்ததை மீட்பது அநேகமாக நடக்காத காரியம், "நான் எடுத்துத் தருகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள். அதற்குப் பதில், பழைய ஜிமெயிலில் நுழைந்து கூகுள் போட்டோஸைப் பாருங்கள், நமக்கே தெரியாமல் பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும். அதிலேயே குப்பைத் தொட்டியையும் திறந்து பாருங்கள், பேக்கப் ஆன படத்தை அழித்தாலும் 60 நாள் வரை அதில் இருக்கும். வாட்ஸ்அப்பைத் திரும்ப நிறுவும்போது பேக்கப்பை மீட்கவா என்று கேட்கும், அவசரத்தில் தவிர்த்துவிடாதீர்கள். அண்ணன், சித்தி, அத்தை யாருக்காவது அந்த வீடியோவை அனுப்பியிருந்தால் அவர்கள் போனில் இருக்கும். இன்றைக்கே கேளுங்கள்.

போர்டு விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்ப்ளே மாற்ற போனைத் துடைக்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் சொன்ன வேலைக்கு வெளியே போய், உங்களைக் கேட்காமல் ஒன்றைச் செய்திருக்கிறார்கள். வேலை செய்யும்போது எதிர்பாராமல் போனுக்குள் இருக்கும் மதர்போர்டு பழுதாகி டேட்டா போவது வேறு, பாஸ்வேர்டு தெரியவில்லை, டெஸ்ட் செய்ய வேண்டும் என்று தாங்களாகவே அழிப்பது வேறு. முதலாவதற்கு அந்த அறிவிப்பு ஓரளவு உதவலாம், இரண்டாவதற்கு உதவாது. சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். அப்பாவின் குரலுக்கு எந்த ஆணையமும் விலை போட முடியாது, ஆனால் மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை இருக்கிறது. ஏன் ரீசெட் செய்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்டு, பதிலை வாங்கி வையுங்கள், அவர்கள் எழுதித் தரும் காரணமே பிறகு முக்கியமாகும்.

கேள்வி: கிரைண்டரை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, மாமியாருக்கு உடம்பு சரியில்லாததால் நான்கு மாதம் போய் வாங்க முடியவில்லை. இப்போது போனால் "30 நாளில் எடுக்காத பொருளுக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறோம், கூலிக்கு ஈடாக விற்றுவிட்டோம்" என்கிறார்கள்.
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: வேலையைச் சொன்னபடி முடித்துவிட்டு, கூலி வரும் வரை பொருளைத் தராமல் வைத்திருக்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டு, 170-ஆம் பிரிவு அதைக் கொடுக்கிறது. கூலியைப் பிறகு தந்தால் போதும் என்று அவர் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த உரிமையும் கிடையாது. ஆனால் அது வைத்திருக்கும் உரிமைதான். விற்கும் உரிமை அதில் இல்லை. அடகு பிடித்தவருக்கு, முறையாக அறிவித்துவிட்டு விற்க இதே சட்டம் வழி கொடுத்திருக்கிறது, ரிப்பேர் கடைக்கு அப்படி ஒன்றும் கொடுக்கவில்லை. உங்கள் போன் நம்பர் அவர்களிடம் இருந்தது, ஒரு போன் செய்திருக்கலாம். கூலியையும், நான்கு மாதம் இடம் கொடுத்ததற்கு நியாயமாக ஏதாவது கேட்டால் அதையும் கழித்துக்கொண்டு கிரைண்டரின் மதிப்பைத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: மழை வெள்ளத்தில் மெக்கானிக் ஷெட்டில் நின்ற என் ஸ்கூட்டர் மூழ்கி இன்ஜின் போய்விட்டது. இயற்கைச் சீற்றத்துக்கு அவர் பொறுப்பாக முடியுமா? சனிக்கிழமை தருவதாகச் சொன்னவர், "ஸ்பேர் வரல, திங்கட்கிழமை வாங்க" என்றார். ஞாயிறு இரவு வெள்ளம் வந்தது.
– வாசகர், வேளச்சேரி

பதில்: நீங்கள் கடைசியில் போகிற போக்கில் சொன்ன விஷயம்தான் இதில் முக்கியம். சாதாரணமாக, எதிர்பாராத வெள்ளம் என்றால் 152-ஆம் பிரிவு அவரைக் காப்பாற்றும். ஆனால் 161-ஆம் பிரிவு, தன் தவறால் உரிய நேரத்தில் பொருளைத் திருப்பித் தராதவர், அந்த நேரத்திலிருந்து ஏற்படும் எந்த இழப்புக்கும் பொறுப்பு என்கிறது. ஆகவே கேள்வி, சனிக்கிழமை தராதது அவருடைய தவறா? ஸ்பேர் உண்மையிலேயே கடையில் கிடைக்கவில்லை, உங்களிடமும் சொன்னார், நீங்களும் சரி என்றீர்கள் என்றால் அதைத் தவறு என்று சொல்வது கஷ்டம். வண்டியைத் தொடவே இல்லை, சாக்குத்தான் சொன்னார் என்றால் கதை வேறு.

இன்னொன்றும் உண்டு. 2015-ஐயும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்த வேளச்சேரியில், வானிலை மையம் எச்சரிக்கை கொடுத்த பிறகு வெள்ளத்தை எதிர்பார்க்கவே இல்லை என்று சொல்வது கடினம். அந்தப் பக்கம் மழை எச்சரிக்கை வந்தால் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிடுகிறார்கள். மெக்கானிக் தன் சொந்த வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு உங்களுடையதை ஷெட்டிலேயே விட்டிருந்தால், 151-ஆம் பிரிவு கேட்கிற கவனம் அங்கே இல்லை. எல்லா வண்டியும், அவருடையதும் சேர்ந்து மூழ்கியிருந்தால், அவரும் உங்களைப் போல நஷ்டப்பட்டவர். அப்போது உங்கள் இன்ஷூரன்ஸை முதலில் பாருங்கள். முழுப் பாலிசி இருந்தால் வெள்ளச் சேதம் அதில் வரும், இன்ஜினுக்குத் தனி கவர் எடுத்திருக்கிறீர்களா என்று கவனியுங்கள். தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது.

கேள்வி: நான் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கஸ்டமர்கள் கீழே போட்டு உடைத்ததை மறைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு நாங்கள் உடைத்ததாகச் சண்டை போடுகிறார்கள். 200 ரூபாய்க் கூலிக்கு 4,000 ரூபாய் மிக்ஸிக்கு நான் எப்படிப் பொறுப்பேற்பது?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. கூலி குறைவு என்பதால் பொறுப்பு குறையாது, சட்டம் கூலியைப் பார்க்கவில்லை, பொருளைப் பார்க்கிறது. ஆனால் கொடுப்பவருக்கும் கடமை உண்டு. தனக்குத் தெரிந்த குறையை அவர் சொல்ல வேண்டும் என்கிறது 150-ஆம் பிரிவு. உப்பிய பேட்டரியையோ ஷாக் அடிக்கும் மிக்ஸியையோ தெரிந்தே மறைத்துக் கொடுத்து, அதனால் உங்களுக்கு அடிபட்டால் அவர்தான் பொறுப்பு.

நீங்கள் செய்ய வேண்டியது, பொருளை வாங்கும்போதே கஸ்டமர் முன்னால் திறந்து, ஓட்டிப் பார்த்து, நான்கு பக்கமும் போனில் போட்டோ எடுத்து, அங்கேயே அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுவது. "ஜாரில் கீறல், அடிப்பகுதி ரப்பர் இல்லை, ஸ்விட்ச் தளர்வு" என்று கூடவே ஒரு வரி. கூட்டமான நேரத்தில் இது தொல்லையாகத்தான் இருக்கும், ஆனாலும் அந்த போட்டோ இருந்தால் சண்டைக்கே இடம் இல்லை. பழைய பிளாஸ்டிக் பாடி கழற்றும்போது உடையலாம் என்று தெரிந்தால் முன்பே சொல்லி, சரி என்று எழுதி வாங்குங்கள். சுவரில் மாட்டிய பொதுவான போர்டு உங்களைக் காப்பாற்றாது. அந்தப் பொருளுக்கென்று தனியாகச் சொல்லிப் பெற்ற சம்மதத்துக்கு மதிப்பு உண்டு. பில் கண்டிப்பாகக் கொடுங்கள், கொடுக்காததை நுகர்வோர் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. தீ, திருட்டுக்குக் கடை இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, கஸ்டமர் பொருட்களும் அதில் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள், கேட்காமல் விட்டால் உங்கள் சரக்கு மட்டும்தான் இருக்கும்.

கேள்வி: வீட்டுக்கு ஏ.சி. சர்வீஸ் செய்ய வந்தவர்கள் இன்டோர் யூனிட்டைக் கழற்றும்போது கீழே போட்டுவிட்டார்கள். கடைக்குக் கொண்டுபோகவே இல்லையே, இதற்கும் இதே சட்டமா?
– வாசகர், சேலம்

பதில்: ஒப்படைப்புச் சட்டம் இதற்கு வராது, ஏனென்றால் ஏ.சி. உங்கள் வீட்டில், உங்கள் வசத்தில்தான் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 1938 வழக்கு ஒன்று உண்டு. ஒரு பெண்மணி பழைய நகைகளை உருக்கிப் புது நகை செய்ய ஆசாரியிடம் கொடுத்தார். ஆனால் தினமும் சாயங்காலம் பாதி செய்த நகையை வாங்கி, ஆசாரி வீட்டு அறையில் இருந்த பெட்டியிலேயே வைத்துப் பூட்டி, சாவியைத் தானே எடுத்துக்கொண்டு போவார். ஒரு ராத்திரி நகை திருடு போனது. சாவி அவரிடம் இருந்ததால் நகையும் அவர் வசத்துக்கே திரும்பிவிட்டது, ஆசாரி பொறுப்பில்லை என்று தீர்ப்பானது.

உங்கள் விஷயத்தில் அதனால் கவலைப்பட வேண்டாம். கூலி வாங்கிக்கொண்டு செய்யும் வேலையைக் கவனமில்லாமல் செய்தால் அது நுகர்வோர் சட்டப்படி சேவைக் குறைபாடு, பொருள் எங்கே இருந்தாலும் சரி. பணம் இன்னும் கொடுக்கவில்லை, தருவதாகச் சொல்லியிருந்தீர்கள் என்றாலும் நீங்கள் நுகர்வோர்தான். உடைந்த யூனிட்டைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். வந்தவர்கள் தனி ஆட்களா, ஒரு நிறுவனம் அனுப்பியவர்களா என்று பாருங்கள். ஆப் மூலமாகவோ கடை மூலமாகவோ பதிவு செய்திருந்தால், அந்தப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பிய நிறுவனத்தையும் சேர்த்தே புகார் கொடுங்கள்.